8085 கிட்டில் ஒரு ஓஎஸ்: சிபி/எம் போர்ட் பண்ணிய கதை

(இந்த எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்திக் கொடுத்திருக்கிறேன். ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொன்ன இடங்களை வெட்டியாச்சு.)

பேரையூரிலிருந்து பேசுகிறேன். இந்த வாரம் எடுத்திருக்கிற சப்ஜெக்ட் என் வயசை விட இருபது வருஷத்துக்கு மேல் பழசு. 1974-ல் பிறந்த சிபி/எம் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை, நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ் லேபில் இருக்கும் 8085 கிட்டில் ஓட வைப்பது எப்படி? ஏன் அதைச் செய்யணும்? அதுதான் இன்றைய எபிசோடு. அசெம்பிளி தெரியாதவர்களும் தாராளமாகத் தொடர்ந்து படிக்கலாம். தேவைப்படும் இடத்தில் விளக்கிவிடுகிறேன்.

கிலோ கணக்கில் வந்த கிட்

இது ஒரு கேள்வியில்தான் ஆரம்பித்தது. என் சித்தி பையன் இசிஇ படிக்கிறான். மைக்ரோப்ராசசர் பேப்பரில் அரியர். லீவுக்கு வீட்டுக்கு வந்தவன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்: "ஏண்ணே, உன் வேலையில என்னைக்காவது 8085 யூஸ் பண்ணிருக்கியா?"

"இல்லடா."

"அப்புறம் எதுக்கு இதைப் படிக்கணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. நானும் அந்தப் பேப்பரை அப்படித்தான் தாண்டி வந்தேன். ஹெக்ஸ் கீபேடில் ஒவ்வொரு பைட்டாக அடிப்போம். இரண்டு எட்டு பிட் எண்களைக் கூட்டுவோம். சிவப்பு எழுத்தில் விடை எரியும். ரெக்கார்டு நோட்டில் எழுதி மேடத்திடம் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. கூட்டல் கழித்தலுக்கு மேல் அந்த சிப்பால் என்ன முடியும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பழைய இரும்புக் கடையில் அதே மாதிரி ஒரு கிட்டைப் பார்த்தேன். ஏதோ ஒரு காலேஜ் லேபில் கழித்துக் கட்டியது. மூட்டையில் நாலைந்து கிடந்தன. "தம்பி, எல்லாம் கிலோ கணக்குல வந்தது. வேணும்னா பார்த்து எடுத்துக்கங்க" என்றார் கடைக்கார அண்ணாச்சி. துரு அதிகம் பிடிக்காத ஒன்றை எடுத்தேன். வீட்டில் 5 வோல்ட் கொடுத்ததும் டிஸ்ப்ளே எரிந்தது. சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

தம்பியிடம் சொன்னேன்: "உன் கேள்விக்கு வாயால பதில் சொல்லத் தெரியல. இதுல ஒரு ஓஎஸ் ஓட வச்சுக் காட்டுறேன். நீ பாதி வேலை பாக்கணும்."

ஏன் சிபி/எம்?

இன்டெல் 8080 வந்தது 1974-ல். 8085 வந்தது 1976-ல். 8080-க்கு மூணு வித மின்னழுத்தம் வேணும்: பிளஸ் 5, மைனஸ் 5, பிளஸ் 12. 8085-க்கு 5 வோல்ட் மட்டும் போதும். பெயரில் உள்ள அந்த 5 அதைத்தான் குறிக்கிறது. 8080-க்கு எழுதிய புரோகிராம்களை 8085 அப்படியே ஓட்டும். கூடுதலாக ரெண்டே கட்டளைகளைத்தான் இன்டெல் அறிவித்தது: ரிம், சிம். அதனால் 8080-க்கு எழுதப்பட்ட ஓஎஸ், கொள்கை அளவில் நம்ம காலேஜ் கிட்டிலும் ஓடணும்.

அந்த ஓஎஸ்தான் சிபி/எம். எழுதியவர் கேரி கில்டால். கலிஃபோர்னியாவில் மான்டரே நகரத்தில் கடற்படையின் முதுநிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சொல்லிக் கொடுத்தவர். இன்டெலுக்கு ஆலோசகராகவும் இருந்தார். அந்தக் காலத்தில் மைக்ரோப்ராசசரைச் சின்னச் சின்னக் கருவிகளுக்குள் வைக்கும் கன்ட்ரோலராகத்தான் பெரும்பாலோர் பார்த்தார்கள். கில்டால் அதனுடன் ஒரு 8 இஞ்ச் ஃப்ளாப்பி டிரைவைச் சேர்த்தால் தனி ஆளுக்கு ஒரு முழுக் கம்ப்யூட்டரே கிடைத்துவிடும் என்று பார்த்தார். டிரைவுக்கான கன்ட்ரோலரை அவருடைய நண்பர் ஜான் டோரோடி செய்து கொடுத்தார்.

அந்த 8 இஞ்ச் ஃப்ளாப்பியின் கணக்கு இது: 77 டிராக், டிராக்குக்கு 26 செக்டர், செக்டருக்கு 128 பைட். பெருக்கினால் 2,56,256 பைட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'காலை வணக்கம்' படம்கூட அதற்குள் அடங்குமா என்பது சந்தேகம்தான். அப்போது ஒரு முழு ஓஎஸ், எடிட்டர், அசெம்பிளர் எல்லாம் அதற்குள் இருந்தன.

17 கதவுகள்

போர்ட் பண்ணுவது என்றதும் ஓஎஸ் முழுவதையும் திருப்பி எழுதணும்னு நினைச்சுதான் தம்பி பயந்தான். அப்படிச் செய்ய வேண்டாம் என்பதில்தான் சிபி/எம்மின் பெருமையே இருக்கிறது.

முதலில் கில்டாலுக்கும் அந்தத் தலைவலி இருந்தது. ஒவ்வொரு புது டிஸ்க் கன்ட்ரோலருக்கும் ஓஎஸ்ஸின் உள்ளே கை வைக்க வேண்டியிருந்தது. 1976-ல் இம்சாய் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியும் தன் மெஷினுக்கு சிபி/எம் கேட்டது. கில்டாலுக்கு இன்னொரு கன்ட்ரோலருக்காக எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருக்க மனசில்லை. அதனால் மெஷினைத் தொடும் பகுதிகளை எல்லாம் பிரித்து ஒரே மூலையில் வைத்தார். அந்த மூலைக்கு வைத்த பெயர் பயாஸ். இன்றைக்கும் பிசி பழகியவர்கள் சொல்கிறார்களே, அந்த வார்த்தை இங்கிருந்து வந்ததுதான்.

ஆக, சிபி/எம்மில் மூன்று பகுதிகள்:

முதலாவது சிசிபி. நாம் அடிக்கும் கட்டளையை வாங்கிக்கொள்வது. 'ஏ>' என்று காட்டிவிட்டுக் காத்திருப்பது இதுதான். அளவு 2 கேபி.

இரண்டாவது பிடாஸ். ஃபைல் என்றால் என்ன, டைரக்டரி என்றால் என்ன என்று தெரிந்தது இதுக்கு மட்டும்தான். அளவு 3.5 கேபி.

மூன்றாவது பயாஸ். ஃபைல் பற்றி இதுக்கு ஒண்ணுமே தெரியாது. 'இந்த எழுத்தைத் திரைக்கு அனுப்பு', 'இத்தனையாவது டிராக்கில் இத்தனையாவது செக்டரைப் படி' என்று சொன்னால் செய்யும், அவ்வளவுதான்.

முதல் இரண்டும் எல்லா மெஷினிலும் ஒன்றுதான். நினைவகத்தில் உட்காரும் முகவரி மட்டும் மாறும். மூன்றாவதை மெஷின் வைத்திருப்பவர் எழுதிக்கொள்ள வேண்டும். 1979-ல் வந்த 2.2 பதிப்பில் பயாஸின் தொடக்கத்தில் வரிசையாக 17 ஜம்ப் கட்டளைகள் இருக்கும். அவைதான் 17 கதவுகள். பிடாஸ் எந்தக் கதவைத் தட்டினால் என்ன வேலை நடக்கணும் என்பது மட்டும்தான் ஒப்பந்தம். கதவுக்கு அந்தப் பக்கம் 8 இஞ்ச் ஃப்ளாப்பி இருக்கிறதா, நம்ம கேமராவில் போட்ட மெமரி கார்டு இருக்கிறதா என்பது பிடாஸுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

தம்பியிடம் பட்டியலைக் காட்டினேன். கீபோர்டில் எழுத்து காத்திருக்கிறதா என்று பார்க்க ஒன்று, எழுத்தை வாங்க ஒன்று, எழுத்தை அனுப்ப ஒன்று, பிரின்டருக்கு ரெண்டு, பேப்பர் டேப்புக்கு ரெண்டு, டிஸ்க்குக்கு எட்டு, மெஷினைத் தொடங்கவும் திரும்பத் தொடங்கவும் ரெண்டு. எங்களிடம் பேப்பர் டேப்பும் இல்லை, பிரின்டரும் இல்லை. அந்த நாலு கதவுக்குப் பின்னால் வெறும் சுவர் போதும்.

"பதிமூணுதானா?" என்றான். முகம் கொஞ்சம் தெளிந்தது.

பூஜ்யத்தில் யார் உட்காருவது?

முதல் சிக்கல் சாஃப்ட்வேரில் வரவில்லை. முகவரியில் வந்தது.

8085-க்கு ரீசெட் கொடுத்தால் அது நேராக 0000 என்ற முகவரிக்குப் போய் முதல் கட்டளையைப் படிக்கும். பவர் போட்ட உடனே ரேமில் குப்பைதான் இருக்கும். அதனால் அந்த இடத்தில் அழியாத ரோம் இருந்தாகணும். கிட்டில் மானிட்டர் புரோகிராம் இருக்கும் ரோம் சிப் உட்கார்ந்திருப்பது அங்கேதான்.

சிபி/எம்முக்கோ அதே 0000-ல் ரேம் வேண்டும். முதல் 256 பைட்டை அது தன் மேசை மாதிரி பயன்படுத்துகிறது. 0000-ல் பயாஸுக்குப் போகும் ஜம்ப், 0005-ல் பிடாஸுக்குப் போகும் ஜம்ப், 0080-லிருந்து டிஸ்க் பஃபர். நம்ம புரோகிராம்கள் 0100-ல் தொடங்கும். எந்த மெஷினாக இருந்தாலும் 'கால் 5' என்று கூப்பிட்டால் ஓஎஸ் பதில் சொல்லும். எல்லா ஊரிலும் 108-க்கு அடித்தால் ஆம்புலன்ஸ் வருவது போல. புரோகிராம் எழுதியவர் அந்த எண்ணை நம்பி எழுதிவிட்டார். அதை மாற்ற முடியாது.

இந்தச் சண்டை அந்தக் காலத்துப் பெரிய மெஷின்களுக்கும் இருந்தது. டிஆர்எஸ்-80 மாடல் 1-ல் ரோம் 0000-ல் இருந்தது. அதில் ஓட வைக்க சிபி/எம்மையே 4200 ஹெக்ஸுக்குத் தள்ளி உட்கார வைத்தார்கள். ஆனால் 0000-ஐ நம்பி எழுதிய மற்ற புரோகிராம்கள் அதில் அப்படியே ஓடவில்லை. ஓஎஸ் வந்தும் அதன் புரோகிராம்கள் வராவிட்டால் என்ன பயன்? ஆப்பிள் 2-க்கு மைக்ரோசாஃப்ட் 1980-ல் ஒரு கார்டு போட்டது. அதில் ஒரு இசட்80 சிப் இருக்கும். ஆப்பிளின் 6502 சிப்புக்கும் முதல் பக்கம் தேவை, சிபி/எம்முக்கும் தேவை. அதனால் இசட்80 '0000' என்று சொன்னால் ஆப்பிளின் 1000 ஹெக்ஸுக்குப் போகிற மாதிரி கார்டிலேயே முகவரியைத் திருப்பிவிட்டார்கள்.

நாங்கள் செய்தது அதைவிட எளிமையான பழைய வழி. கிட்டின் ரோமையும் ரேமையும் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டு, விரிவாக்க கனெக்டரில் ஒரு டாட் போர்டைச் செருகினோம். அதில் 32 கேபி ரேம் சிப் ரெண்டு, 32 கேபி ரோம் ஒன்று, சில கேட் சிப்கள், ஒரு 7474 ஃப்ளிப்-ஃப்ளாப். ரீசெட் ஆனதும் ஃப்ளிப்-ஃப்ளாப் 'ரோம் தெரியட்டும்' என்ற நிலையில் இருக்கும். கீழ்ப்பாதி 32 கேபி-யைப் படித்தால் ரோம் பதில் சொல்லும். மேல்பாதி எப்போதும் ரேம். ஒரு போர்ட்டுக்கு 'அவுட்' கட்டளை கொடுத்தால் ஃப்ளிப்-ஃப்ளாப் மாறும், ரோம் மறையும், மொத்தம் 64 கேபி-யும் ரேமாகிவிடும்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ரோமில் உள்ள புரோகிராமே ரோமை மறைக்கச் சொன்னால் அடுத்த கட்டளையை எங்கிருந்து படிப்பது? உட்கார்ந்திருக்கிற கிளையை வெட்டுகிற கதைதான். அதனால் முதலில் பக்கத்துக் கிளைக்குத் தாவிவிட வேண்டும். ரோமில் இருக்கும் சின்ன லோடர், சிபி/எம் மொத்தத்தையும் ரேமின் மேல்பாதிக்கு நகல் எடுக்கும். பிறகு அங்கே குதிக்கும். அங்கே போன பிறகுதான் 'அவுட்' கொடுக்கும்.

பயாஸுக்கு 3 கேபி ஒதுக்கினோம். சிசிபி, பிடாஸ் சேர்ந்து 5.5 கேபி. ரேமின் உச்சியில் 8.5 கேபி போக, கீழே ஏறக்குறைய 55 கேபி பயனாளரின் புரோகிராமுக்குக் கிடைத்தது. 1980-ல் இது ராஜபோகம்.

ஆறு கட்டளையில் ஒரு எழுத்து

எழுத்தைத் திரைக்கு அனுப்பும் கதவைத் தம்பியிடம் கொடுத்தேன். கிட்டில் 8251 என்ற சீரியல் சிப் இருக்கிறது. அதையும் எங்கள் சிலபஸில் படித்தோம். ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் எந்த பிட் எது என்று மனப்பாடம் செய்து ரெண்டு மார்க் வாங்கினோம். அந்த பிட் இங்கே வேலைக்கு வந்தது. ஸ்டேட்டஸைப் படி. பிட் 0 தவிர மற்றதை மறை. பூஜ்யம் என்றால் சிப் இன்னும் தயாரில்லை, திரும்பப் போய்ப் படி. தயாரென்றால் எழுத்தை அக்குமுலேட்டருக்குக் கொண்டுவா. டேட்டா போர்ட்டுக்கு அனுப்பு. திரும்பு. ஆறே கட்டளை.

லேப்டாப்பில் யூஎஸ்பி-சீரியல் கேபிளைச் செருகி ரீசெட் அழுத்தினோம். திரையில் குப்பை.

ஒரு ராத்திரி முழுக்க ஒயர் பார்த்தோம். பாட் ரேட் பார்த்தோம். கடைசியில் தம்பிதான் கண்டுபிடித்தான். ஒரு எழுத்தை அச்சிடச் சொல்லி பிடாஸைக் கூப்பிடும்போது எழுத்தை 'இ' ரெஜிஸ்டரில் வைக்கணும். அதே எழுத்தை பிடாஸ் பயாஸிடம் கொடுக்கும்போது 'சி' ரெஜிஸ்டரில் வைத்துக் கொடுக்கும். ரெண்டும் வேற வேற ஒப்பந்தம். அவன் மேல் மாடி ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கீழ் மாடிக்கு எழுதியிருந்தான். ஒரே ஒரு எழுத்தை மாற்றினான். ரீசெட். நாங்கள் வைத்திருந்த வரவேற்பு வரி சுத்தமாக வந்தது.

'ரெஜிஸ்டர் சி-யின் பயன் யாது' என்ற கேள்விக்கு அவனுக்கு இனி நோட்ஸ் தேவைப்படாது.

கரண்ட் கற்றுக்கொடுத்த பாடம்

டிஸ்க்குக்கு ஒரு காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு. பழைய டிஜிட்டல் கேமராவில் வருமே, அது. எட்டு பிட் முறையில் பேசவும் அதுக்குத் தெரியும் என்பதால் இந்த வேலைக்குத் தோதானது. சிபி/எம் 2.2-ல் ஒரு டிரைவ் அதிகபட்சம் 8 எம்பி. கார்டில் ரெண்டு டிரைவ் வைத்தோம். மீதி முழுவதும் சும்மா கிடக்கிறது.

'ஏ>' வந்தது. உடனே டைரக்டரி கேட்டோம். காலிக் கார்டில் பெயரே இல்லாத ஃபைல்கள் வரிசையாக ஓடின. காரணம் எளிது. சிபி/எம் டைரக்டரியில் 'இந்த இடம் காலி' என்பதற்கு அடையாளம் இ5 என்ற ஹெக்ஸ் எண். ஃபார்மேட் செய்த 8 இஞ்ச் ஃப்ளாப்பி முழுவதும் இ5-ஆகத்தான் இருக்கும். எங்கள் கார்டு முழுவதும் பூஜ்யம். பூஜ்யம் என்றால் 'பயனாளர் 0-வின் ஃபைல்' என்று அர்த்தம். டைரக்டரி இடத்தை இ5-ஆல் நிரப்பியதும் சரியானது.

அடுத்தது கொஞ்சம் வலித்தது. சிபி/எம் 128 பைட் கணக்கில்தான் கேட்கும், கொடுக்கும். கார்டு 512 பைட் கணக்கில் மட்டும்தான் எழுதும். அதனால் பயாஸ் நடுவில் ஒரு 512 பைட் பஃபர் வைத்து, நாலு துண்டையும் சேர்த்து ஒரே தடவையில் எழுதணும். எழுதும் கதவைத் தட்டும்போது பிடாஸ் 'சி' ரெஜிஸ்டரில் 0, 1, 2 என்று ஒரு எண் கொடுக்கும். 'இது எதுக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. எல்லாம் நன்றாக ஓடியது.

ஒரு சாயங்காலம் தம்பி எடிட்டரில் உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் ஒரு புரோகிராம் அடித்து சேமித்தான். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. எங்க ஊரில் மழை தூறினாலே போகும். கரண்ட் வந்து பார்த்தால் ஃபைல் இல்லை. 'சேவ் பண்ணேன்ணே, சத்தியமா பண்ணேன்' என்றான். அவன் மேல் தப்பில்லை.

அந்த எண் 1 என்றால் 'இது டைரக்டரி, உடனே கார்டில் எழுது, தள்ளிப் போடாதே' என்று அர்த்தம். நான் அதையும் பஃபரிலேயே வைத்திருந்தேன். ஃபைலின் உள்ளடக்கம் ஏறக்குறைய முழுக்கக் கார்டில் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் டைரக்டரி வரி மட்டும் ரேமில் இருந்து, கரண்டோடு போய்விட்டது. மூணு கட்டளை சேர்த்ததும் சரியானது. தொழிலில் தினமும் டேட்டாபேஸோடு மாரடிப்பவன் நான். 'கமிட்' என்ற வார்த்தையை எத்தனையோ தடவை அடித்திருப்பேன். அது எதுக்கு என்று முதுகுத்தண்டில் உறைத்தது அன்றைக்குத்தான்.

எது ஓடியது, எது ஓடவில்லை

மைக்ரோசாஃப்டின் எம்பேசிக் ஓடியது. சிபி/எம்மோடு வரும் அசெம்பிளரும் எடிட்டரும் ஓடின. டர்போ பாஸ்கல் ஓடவில்லை, தொங்கிவிட்டது. அது இசட்80 சிப்புக்காக எழுதப்பட்டது. 8080 கட்டளைகள் எல்லாம் இசட்80-க்குத் தெரியும். ஆனால் இசட்80-யின் கூடுதல் கட்டளைகள் 8085-க்குத் தெரியாது. ஒப்பந்தத்தை எவ்வளவு சரியாக எழுதினாலும் சிப் அளவில் உள்ள வித்தியாசத்தை அது மறைக்காது. அதுவும் ஒரு பாடம்தான்.

இந்த ஒப்பந்தம் எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்று பாருங்கள். 1980-ல் டிம் பேட்டர்சன் 8086 சிப்புக்கு 86-டாஸ் எழுதினார். சிபி/எம் புரோகிராம்களை எளிதில் மாற்றிக்கொள்ள வசதியாக அதே மாதிரியான அழைப்புகளை வைத்தார். மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 1981-ல் ஐபிஎம் பிசியோடு வெளியே போனது. எம்எஸ்-டாஸிலும் 'காம்' ஃபைல்கள் 0100-ல்தான் தொடங்கும். 5-ஆம் முகவரியில் அந்தப் பழைய கதவையும் விட்டு வைத்திருந்தார்கள். இன்றைக்கும் விண்டோஸில் 'சி டிரைவ்' என்கிறோமே, டிரைவுக்கு ஒற்றை எழுத்துப் பெயர் வைக்கும் பழக்கம் சிபி/எம் வழியாக வந்தது.

நம்ம ஊர் கணக்கு

'இதெல்லாம் அமெரிக்கக் கதைதானே' என்று கேட்பீர்கள். இல்லை. நம்ம நாட்டு ஐடி தொழிலின் வேரில் போர்ட்டிங் வேலை இருக்கிறது.

1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனது. அதே வருஷம் எச்சிஎல் தன் 8சி மைக்ரோகம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. 1976-ல் அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் சிவ் நாடார். திருச்செந்தூர் பக்கத்துக்காரர், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்தவர். பிறகு 1984-ல் ரங்கராஜன் கமிட்டி வங்கிகளைக் கம்ப்யூட்டர்மயமாக்கச் சொன்னது. வங்கிகள் யூனிக்ஸ் மெஷின் கேட்டன. நம்ம கம்பெனிகள் மோட்டோரோலா 68000 சிப் வைத்த மெஷின்களைக் கட்டி, யூனிக்ஸை அதில் உட்கார வைத்தன.

யூனிக்ஸ் போர்ட் ஆன வழி வேறு. 1973-ல் அதை சி மொழியில் திருப்பி எழுதியதால், புது சிப்புக்கு ஒரு சி கம்பைலர் கிடைத்தால் பெரும்பகுதி கூடவே வந்துவிடும். சிபி/எம் ஒரே சிப் குடும்பத்துக்குள் இருந்துகொண்டு, சுற்றியுள்ள மெஷினை மாற்றிக்கொள்ள விட்டது. வழி ரெண்டு, யோசனை ஒன்று: மாறுவதையும் மாறாததையும் பிரித்து நடுவில் ஒரு கோடு போடு. நான் ஆபீஸில் எழுதும் ஏபிஐ முதல் கிளவுட் வரைக்கும் அதே கோடுதான். என்ன, இன்றைக்கு அந்தக் கோட்டுக்கு மேலே ஐம்பது அடுக்கு இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. 8085-ல் 17 ஜம்ப் கட்டளையாக வரிசையாகத் தெரிகிறது.

தம்பிக்குப் பதில்

ஆக, 'எதுக்கு 8085 படிக்கணும்?' என்ற கேள்விக்கு என் பதில் இது. ஒரு கம்ப்யூட்டர் முழுவதையும், ரீசெட் பின்னிலிருந்து 'ஏ>' வரைக்கும், ஒரு ஆள் தன் தலைக்குள் வைத்துக்கொள்ள முடிகிற அளவில் இருப்பதால். இன்றைய லேப்டாப்பில் அது நடக்காது. ஆனால் ரெண்டு எண்ணைக் கூட்டிக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தினால் அந்த வாய்ப்பு வீணாகிறது. கிட் பழசாகிவிட்டது என்று தூக்கிப் போடுகிறோம். அது எங்கே வரைக்கும் போகும் என்று ஒரு தடவையும் ஓட்டிப் பார்க்காமலே போடுகிறோம். எனக்கு வருத்தம் அதில்தான்.

உங்களில் யாராவது செய்து பார்க்க நினைத்தால் தயங்க வேண்டாம். சிபி/எம்மின் ஆரம்பகாலப் பதிப்புகளின் மூல நிரலை அமெரிக்காவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் 2014-ல் வெளியிட்டது. 2022-ல் உரிமை வைத்திருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் சிபி/எம்மைப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். டிஸ்க் பஃபருக்கான மாதிரி நிரலை டிஜிட்டல் ரிசர்ச் அந்தக் காலத்திலேயே 2.2-க்கான கையேட்டில் கொடுத்திருக்கிறது. கிட் கிடைக்காவிட்டால் முதலில் எமுலேட்டரில் பயாஸ் எழுதிப் பழகுங்கள். காலேஜில் லேப் பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள்: பழைய கிட்டை எடைக்குப் போடும் முன்னால் ரெண்டு பசங்க கையில் கொடுத்துப் பாருங்க.

தம்பிக்கு அரியர் எக்ஸாம் அடுத்த மாசம். பாஸாவானா என்று எனக்குத் தெரியாது. கேள்வித்தாளில் பயாஸ் பற்றி எதுவும் வரப் போவதில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினான். "அண்ணே, அந்த பிரின்டர் கதவு ரெண்டு சும்மாதானே இருக்கு. ஒரு தெர்மல் பிரின்டர் ஹாஸ்டல்ல ஒருத்தன்ட்ட இருக்கு, மாட்டிப் பாக்கவா?"

மாட்டுடா என்றேன். அது என்ன ஆச்சுன்னு அடுத்த எபிசோடில் அவனையே உட்கார வைத்துக் கேட்போம். வணக்கம்.